ஒன்பதரை மணிக்குக் கேக் வெட்டிய பிள்ளை

ஒரு பிள்ளையின் பிறந்தநாள் விழா வீடியோவுக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய ஒரு வரிக்கு மூன்று நாளாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். "பாவம், பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்திருக்கலாம்." எழுதியது இவ்வளவுதான். வயிற்றெரிச்சல் என்றார்கள். நல்ல நாளில் கண் வைக்கிறேன் என்றார்கள். அதையெல்லாம் விட்டுவிடலாம். "கூப்பிட்ட வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து குறை சொல்லலாமா?" என்று சொந்தத்தில் ஒருவர் கேட்டார், அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

எந்த வீடு என்று சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். நல்ல மனிதர்கள். பந்தியில் ஒரு குறை கிடையாது. நான் பேசுவது அவர்களைப் பற்றி இல்லை, அந்தப் பிள்ளையைப் பற்றி. பிறந்தநாள் பிள்ளையுடையது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வயது முடிந்த பிள்ளை. அழைப்பிதழில் மாலை ஆறரை என்று போட்டிருந்தது. வர வேண்டிய பெரிய மனிதர் வந்து சேர்ந்தது ஒன்பது மணிக்கு மேல். கேக் வெட்டும்போது ஒன்பதரை. அதற்குள் மூன்று முறை உடை மாற்றிவிட்டார்கள். மூன்றாவது கவுனில் முதுகுப் பக்கம் ஜரிகை குத்தியிருக்க வேண்டும், பிள்ளை கையைப் பின்னால் கொண்டுபோய் இழுத்துக்கொண்டே இருந்தது. அதைக்கூட யாரும் பார்க்கவில்லை. ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நம் அப்பத்தாக்கள் அதற்கு முன்பே விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் சோறூட்டித் தொட்டிலில் போட்டுவிடுவார்கள். ஒன்பதரை மணிக்கு அந்தப் பிள்ளை அழுதது அடம் இல்லை. அது தூக்கம்.

அப்புறம் அந்த ஸ்னோ ஸ்ப்ரே. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போதே நாலு பக்கமும் நின்று அடித்தார்கள். அந்த டப்பாக்கள் பலவற்றில் நுரையை வெளியே தள்ளுவது சமையல் கேஸில் இருக்கும் அதே வகை வாயுதான். தீப்பொறி பட்டால் நுரையோடு சேர்ந்து முடியும் உடையும் பற்றிக்கொள்ளும். பலூனும் அப்படித்தான். ஹீலியம் விலை அதிகம் என்று ஹைட்ரஜனை நிரப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது தீயைக் கண்டால் வெடிக்கும். வெடித்த பலூனின் ஒரு துண்டு பிள்ளையின் வாய்க்குள் போனாலே மூச்சை அடைத்துவிடும். இதைச் சொன்னால் அபசகுனமாம். அன்று கடவுள் காப்பாற்றினார், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

"நீங்கள் மட்டும் செய்யவில்லையா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். செய்தேன். என் மகனின் முதல் பிறந்தநாளுக்குக் காரைக்குடியில் மண்டபம் பிடித்து இருநூற்றைம்பது பேரைக் கூப்பிட்டோம். கரடி வேஷம் போட்ட ஒருவரைப் பிள்ளைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று ராத்திரியே காய்ச்சல். அவனுக்கு எட்டு வயதானபோது அந்த ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "ஏம்மா எல்லாப் போட்டோலயும் அழுதுக்கிட்டே இருக்கேன்?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு வரியை எழுத வைத்தது அவன் கேட்ட கேள்விதான்.

மகளுக்கு நான்கு வயது நிறைந்தபோது ஊரிலேயே வைத்துக்கொண்டோம். பள்ளத்தூரில் எங்கள் ஆயா வீடு. செட்டிநாட்டுப் பக்கம் அம்மாவின் அம்மாவை ஆயா என்போம். ஐப்பசி மாதம். காலையில் பிள்ளையார்பட்டி போய் அவள் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை. மாலையில் ஐந்தே ஐந்து பிள்ளைகள். வயதுக்கு ஒரு பிள்ளை, கூட ஒன்று, அதற்கு மேல் வேண்டாம் என்று ஆயா கணக்குச் சொன்னார்கள். நான்கு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிப்பதாக ஏற்பாடு. விளையாட்டெல்லாம் எழுதி வைத்திருந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வளவு முற்றத்தில் நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் கொட்டுகிறது, பிள்ளைகள் ஆத்தங்குடி பூக்கல் தரையில் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டு அதையே பார்க்கிறார்கள். ஆயா பழைய கணக்கு நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கப்பல் செய்து கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் கப்பலுக்குப் பேர் வைத்தார்கள். ஒருவன் தன் கப்பலுக்கு "சாம்பார்" என்று வைத்தான். வெள்ளைப் பணியாரத்துக்குக் காரச் சட்னி வேண்டாம் என்று எல்லாரும் சீனி கேட்டார்கள். போகும்போது ஆளுக்கொரு சின்ன ஓலைக் கொட்டானில் இரண்டு மாவுருண்டை. கேக்கும் உண்டு, சின்னது, அதைப் பற்றி எனக்கு எதுவும் நினைவில்லை.

அவள் இப்போது சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். ஐப்பசி மழை பிடித்தால் போன் செய்து, "சாம்பார் கப்பல் ஞாபகம் இருக்காம்மா?" என்பாள்.

மேடைக்குப் பின்னால் "மறக்க முடியாத பிறந்தநாள்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்களே, யாருக்கு மறக்க முடியாதது? பெரியவர்களுக்கு நினைவில் நிற்கும் முதல் நிகழ்ச்சியே பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதில் நடந்ததாகத்தான் இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த மண்டபம் நிற்காது. அந்த நேரத்து பயம் மட்டும் அந்த நேரத்தில் நிஜம்.

"நம்ம பக்கம் எதையுமே பெருசாத்தான் செய்வோம், அதுதான் வழக்கம்" என்கிறீர்கள். சஷ்டியப்தபூர்த்தி செய்துகொள்கிற அறுபது வயதுக்காரர் மணையில் இரண்டு மணி நேரம் உட்காருவார், எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு நம் முன்னோர் வைத்த வழக்கத்தையும் பாருங்கள். பிள்ளையார் நோன்புக்கு இழை, அதாவது மாவில் திரி வைத்து ஏற்றிய சுடர், எடுக்கும்போது சின்னப் பிள்ளையும் வரிசையில் நிற்கிறது. முறை வந்ததும் எடுத்துக்கொள்கிறது, பொரியை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. யாரும் அதைப் பிடித்து நிறுத்தி இன்னொரு தடவை செய் என்று சொல்வதில்லை.

சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் சொந்தங்கள் ஒன்றுகூட வேறு எப்போது வாய்ப்பு என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். இது நியாயமான கேள்வி. பூட்டிக் கிடக்கும் வீடு வருஷத்தில் ஒரு நாள் திறந்தால் எனக்கும் சந்தோஷம்தான். கூடுங்கள், விடிய விடியப் பேசுங்கள். பிள்ளையை மட்டும் ஏழு மணிக்குள் விட்டுவிடுங்கள். "எங்கள் காசு, உங்களுக்கென்ன" என்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொன்னவருக்கு மட்டும்: பதினாலு வருஷம் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தேன். ஞாயிறு விழா முடிந்து திங்கள்கிழமை என் மடியில் படுத்துத் தூங்கிய பிள்ளைகள் எத்தனை என்று எனக்குத்தான் தெரியும்.

சரி, ஒன்றைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இவ்வளவு பேசியபிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பிள்ளையை இரண்டு வருஷமாக வளர்ப்பது அதன் ஆயா. தாய் வேலைக்குப் போகிறார், அதில் தவறில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அந்த ஆச்சிதான். அன்று மேடையில் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். "பாட்டி, நீங்க கொஞ்சம் தள்ளிக்கங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்றார் போட்டோ எடுத்தவர். இவர்தான் பிள்ளையின் ஆயா, இருக்கட்டும் என்று சொல்ல அத்தனை பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஆச்சி கீழே இறங்கி, கடைசி வரிசைக்குப் பின்னால், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். டிஜே சத்தம் கொஞ்சம் குறையும் இடத்தில் கேட்கும். பிள்ளை சும்மா அழவில்லை, "ஆயா, ஆயா" என்றுதான் அழுகிறது.

பத்து மணிக்கு மேல் ஒருவழியாக இறக்கிவிட்டார்கள். அந்தக் கவுனோடு ஓடிப்போய் ஆச்சி மடியில் ஏறி, இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிட்டது. நான் அதற்கு முன்பே பந்தியில் சாப்பிட்டு முடித்திருந்தேன். ஆச்சி சாப்பிடவில்லை. "இங்கேயே இலை போட்டுக் கொண்டுவரட்டுமா ஆச்சி?" என்று கேட்டேன். "வேணாம்த்தா, கையை எடுத்தா பிள்ளை முழிச்சிரும்" என்றார்கள்.