மச்சி, கையை எங்கடா ஒளிச்சு வச்ச?

என் நண்பன் ஒருவன் பத்து வருஷமாக ஓவியன் ஆகப்போகிறான். ஆள் திறமைசாலி, அதில் சந்தேகமே இல்லை. டீக்கடையில் நிற்கும்போது பில்லுக்குப் பின்னால் கிறுக்குவதே அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அவன் வரைந்த மனிதர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒருத்தர் கையைப் பின்னால் கட்டியிருப்பார், ஒருத்தர் பேன்ட் பாக்கெட்டில் விட்டிருப்பார், ஒரு அம்மா முந்தானைக்குள் வைத்திருப்பார். பத்து வருஷத்தில் ஒருத்தருக்கும் விரல் கிடையாது.

கை வரைய வராது. வராததை மறைக்க மட்டும் பிரமாதமாக வரும்.

இதை நாங்கள் யாரும் அவனிடம் சொன்னதில்லை. படம் போட்டதும் 'செம மச்சி', 'வேற லெவல்', நாலு தீ எமோஜி. நானும்தான். அவன் இல்லாதபோது 'சோம்பேறிப் பய' என்போம். எனக்கு அது சோம்பலாகத் தெரியவில்லை. திறமைசாலி என்று பெயர் வாங்கியவனுக்கு அசிங்கமாக ஒரு படம் வரையப் பயம். வரையாமல் இருந்தால் பெயராவது மிஞ்சும். அந்தப் பயத்துக்குத் தீனி போட்டதே எங்கள் கமென்ட்தான்.

உற்சாகப்படுத்தவும் செய்தேன். பக்கவாதத்தில் வலது கை முடங்கியதும் இடது கையால் வரையப் பழகிய பத்திரிகை ஓவியர் கோபுலுவைப் பற்றிச் சொன்னேன். கண் கலங்கினான். அன்று ராத்திரி அதையே ஸ்டேட்டஸாக வைத்தான். மறுநாள் 850 ரூபாய்க்கு ஸ்கெட்ச் புக் வாங்கினான். மூன்று பக்கம் நிரம்பியிருக்கிறது. அதில் ஒரு பக்கம், கையெழுத்துப் போட்டுப் பழகியது.

வேலைக்குப் போகிறேன், நேரமில்லை என்பான். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதையை எடுத்துவிட்டேன். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் சென்னைப் பக்கம் ஈஞ்சம்பாக்கத்தில் குடியேறியபோது படம் விற்றா சாப்பிட்டார்கள்? மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தானே நிலமே வாங்கினார்கள்? "அவங்க அத்தனை பேரு ஒண்ணா இருந்தாங்க மச்சி" என்றான். சப்பைக்கட்டு என்று கடுப்பானேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நாங்கள் அவனுக்கு லைக் கொடுத்தோம், கதை கொடுத்தோம், பக்கத்தில் உட்கார்ந்து வரையவில்லை. (நான் மட்டும் என்ன கிழித்தேன்? ஓவியம் படித்துவிட்டுக் கல்யாண ஆல்பத்துக்கு லேஅவுட் போடுகிறேன். பென்சில் பிடித்து நாலு வருஷம்.)

பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, ஒரு ஞாயிறு காலை எழும்பூர் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனேன். பிளாட்ஃபார்ம் டிக்கெட் 10 ரூபாய். முகம் வரையக் கூடாது, கை மட்டும், ஒரு கைக்கு ஒரு நிமிஷம், ரப்பர் கிடையாது. தூங்குகிறவர் கை அசையாது என்று நம்பி ஆரம்பித்தால் அதுதான் முதலில் கொசு அடிக்கும். பெட்டியைத் தலைக்கு ஏற்றும் போர்ட்டரின் கை கண்ணெதிரே கிளம்பிப் போய்விடும். உள்ளங்கையை ஒரு கட்டமாகப் போட்டு, விரல்களை ஒரே கொத்தாகப் பிடித்தால்தான் ஒரு நிமிஷத்தில் ஏதாவது தேறும். விரல் விரலாக ஆரம்பித்தால் ரயிலே போய்விடும். அரை மணி நேரம் இரண்டு பேரும் பக்கத்தை மறைத்து மறைத்து வரைந்தோம். ஒரு பொடியன் எட்டிப் பார்த்து, "அண்ணா, இது வாழைப்பழமா?" என்று என்னைக் கேட்டான். நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்கப்புறம் இரண்டு பேரும் மறைக்கவில்லை.

நடுவில் ஒரு வாரம் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. திட்டவில்லை. தனியாகப் போய் வரைந்து, என் கேவலமான பக்கத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். அடுத்த ஞாயிறு எனக்கு முன்னாடியே வந்து நின்றான்.

நேற்று அவன் நோட்டைப் புரட்டி எண்ணினேன். 63 கை. தேறுவது ஐந்தோ ஆறோ. "போஸ்ட் போடட்டுமா மச்சி?" என்றான்.

"அப்புறம் பாத்துக்கலாம்டா. அந்தப் பாட்டி இட்லிப் பொட்டலம் பிரிக்கிறாங்க பாரு, நூலை மட்டும் விட்டுடாத" என்றேன்.