நான் சும்மா இருக்கிற கணக்கு

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்த மண்டபத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அன்றிரவு நான் எரிச்சலில் போட்ட இரண்டு வரியைப் பார்த்திருப்பீர்கள். "விடுங்க, பெரியவர்தானே" என்று தனியாக வந்து சொன்ன எல்லோருக்கும் நன்றி. விட்டுவிட்டேன். நன்றாகவே விட்டுவிட்டதால்தான் நாலு நாள் கழித்து ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பா சொன்னது இவ்வளவுதான்: "டேய், மாப்பிள்ளையோட சித்தப்பா வர்றாராம். ஸ்டேஷன்ல போய்க் கூட்டிட்டு வந்துடு. நீ சும்மாத்தானே இருக்கே. இவங்கள்லாம் லீவு போட்டுட்டு வந்திருக்காங்க."

சுற்றி நாற்பது பேர். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது, உள்ளதைத்தானே சொன்னார் என்பதுபோல எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சும்மா இல்லை. மண்டபத்தில் பிளக் பாயிண்ட் வேலை செய்த ஒரே மூலையில், தாம்பாளங்களுக்கும் பூக்கூடைக்கும் நடுவில், பட்டு வேட்டியோடு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று தேதி 20. ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி வரிக் கணக்கு, போடக் கடைசி நாள். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் வீட்டில் 20ஆம் தேதி என்றால் என்னவென்று அவன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். பதினேழு பேருக்குக் கணக்குப் பார்க்கிறேன். பதினாறு முடிந்துவிட்டது. பாக்கி ஒன்று, கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. சாயங்காலம் திருச்சியில் விமானம் ஏறுகிறவர், நாலு மணிக்குள் கூப்பிட்டால் ஓடிபி சொல்லிவிடுகிறேன் என்றிருந்தார்.

மூன்று மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து இறங்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நல்ல மனிதர். "தம்பி என்ன பண்றீங்க?" என்று காரில் கேட்டார். அதற்குள் அண்ணாச்சி போனை அணைத்துவிட்டார்.

மறுநாள் தாக்கல் செய்தேன். ஒரு நாள் தாமதக் கட்டணம் 50 ரூபாய். மத்திய அரசுக்கு 25, மாநில அரசுக்கு 25. கூடவே ஒரு நாள் வட்டி. என் கையிலிருந்து கொடுத்தேன். பெரியப்பாவிடம் ரசீது நீட்டவா முடியும்?

ஐம்பது ரூபாய்க்கா இத்தனை பெரிய பதிவு என்று கேட்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

நான் சென்னையில் ஒன்பது வருஷம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். வீடு தாம்பரம், ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட். தாம்பரத்தில் மின்சார ரயில், பார்க் ஸ்டேஷனில் இறங்கிச் சாலையைக் கடந்து மூர் மார்க்கெட்டில் அடுத்த ரயில், பட்டரவாக்கத்தில் இறங்கி நடை. போக வர நாலு மணி நேரம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மூன்று மாதம் நாங்கள் வீட்டுக்குப் போனதே தூங்குவதற்குத்தான். அப்போது ஒரு நாள் ரயிலில் நின்றுகொண்டே கணக்குப் போட்டேன், தொழில் புத்தி. வருஷத்துக்கு 290 நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ஒன்பது வருஷம். மொத்தம் 10,440 மணி நேரம். இருபத்து நாலால் வகுத்தால் 435 நாள். ராத்திரி பகல் சேர்த்து முழுசாக 435 நாள் ரயிலிலும் பிளாட்பாரத்திலும் நின்றிருக்கிறேன். அப்போது யாரும் என்னை "சும்மா நிற்கிறான்" என்று சொல்லவில்லை. கழுத்தில் ஐடி கார்டு தொங்கியதே.

கோபத்தில் ராஜினாமா கடிதத்தை விட்டெறிந்துவிட்டு வந்தவன் இல்லை நான். பைக் கடனை அடைத்தேன். பதினாலு மாத வீட்டுச் செலவைத் தனியாக ஒதுக்கினேன். வேலையில் இருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு கடைக்குக் கணக்கு எழுதிப் பார்த்தேன். மனைவிக்குக் கலந்தாய்வில் ஊர்ப்பக்கம் இடமாறுதல் கிடைக்கும்வரை காத்திருந்தோம். 2018இல் வந்தோம். இப்போது மாதத்தில் முதல் இருபது நாள் வேலை. காலை ஐந்திலிருந்து பதினொன்று வரை. 11ஆம் தேதி விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி, இவற்றை ஒட்டிய நாட்களில் மட்டும் நேரம் காலம் கிடையாது. 21ஆம் தேதிக்கு மேல் மாதம் என்னுடையது. இதற்குக் கொடுத்த விலை? பிஎஃப் போயிற்று, கிராஜுவிட்டி போயிற்று, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் என் கையிலிருந்து போகிறது. வீட்டுக் கடன் கேட்டுப் போனால் சம்பளச் சீட்டு எங்கே என்கிறார்கள். ஊருக்கெல்லாம் ஜிஎஸ்டி போடுகிற எனக்கு ஜிஎஸ்டி எண்ணே இல்லை. வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால்தானே எடுக்க வேண்டும்! பாதி தூரம்கூட வந்ததில்லை.

"பொண்டாட்டி கவர்மெண்ட் சம்பளம் வாங்குறா, நீ பேசுவே." வரும் என்று தெரியும். ஆமாம், அவள் சம்பளம் இருந்ததால்தான் முடிந்தது. இதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. முதல் வருஷம் நான் கொண்டுவந்தது அவள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். புருஷன் சம்பளத்தில் வீடு ஓட, மனைவி வீட்டிலிருந்து தைத்துக் கொடுத்து நாலு காசு பார்த்தால் "கெட்டிக்காரி" என்கிறீர்கள். அதையே நான் செய்தால் சும்மா இருக்கிறேனா? மதியம் பிள்ளைக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பது, அம்மாவை மூட்டு வலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போவது, கரண்ட் பில், ரேஷன், இதெல்லாம் யார் செய்தால் வேலை, யார் செய்தால் சும்மா? அவளுடைய ஸ்டாஃப் ரூமிலும் கேட்கிறார்களாம், "சார் இப்ப என்ன பண்றார்" என்று. அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று இந்த ஏழு வருஷத்தில் நான் கேட்டதில்லை. தைரியம் வரவில்லை.

"எல்லோரும் இப்படிக் கிளம்பிவிட்டால் நாடு என்னாவது?" நாடு அப்போதும் 20ஆம் தேதி 3பி போடும். அடுத்த கேள்வி.

ஒரு நண்பர் கேட்டது மட்டும் உறுத்துகிறது. "டெலிவரி பையன்களிடமும் 'நீயே உனக்கு முதலாளி' என்றுதான் சொல்கிறார்கள், நீ பேசுவதும் அதே வசனம்தானே?" என்றார். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். ராத்திரி பத்து மணிக்குப் பில் மூட்டையோடு வந்து கத்துகிற ஒரு வாடிக்கையாளரை 2022இல் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்தப் பையன் ஒரு நாள் வேண்டாம் என்றால் மறுநாள் பெட்ரோலுக்குக் காசிருக்காது. அதைச் சுதந்திரம் என்று நான் சொல்லவே மாட்டேன். அவனுக்கு வேண்டியது சங்கம், விடுப்பு, காப்பீடு. எனக்கு அது வேண்டாமா என்றால் எனக்கும் வேண்டும்தான். சரி, அது பெரிய பேச்சு.

இந்த ஊரில் அதிக நேரம் வேலை பார்க்கச் சொல்கிறவர்களை யாரும் கோமாளி என்பதில்லை. 2023இல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 என்றார், வீட்டில் எவ்வளவு நேரம்தான் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி நூறு வருஷம் ஆகிற நேரம் பார்த்து, 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்திலேயே 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பி மே 1 அன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். அவர்கள் எல்லோரும் பெரிய மனிதர்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் போதும் என்று முடிவெடுத்தவன் மட்டும் உதவாக்கரை.

என் அம்மாவும் விதிவிலக்கில்லை. அக்கம்பக்கத்தில் "மெட்ராஸ் கம்பெனிதான், வீட்டிலேர்ந்தே பாக்குறான்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். 2020க்கு முன்னால் அதை யாரும் நம்பவில்லை. கொரோனா வந்துதான் என் மானத்தைக் காப்பாற்றியது.

பெரியப்பாவுக்கு 77 வயது. தாலுகா ஆபீஸில் இருந்து 58இல் ஓய்வு பெற்றார். பத்தொன்பது வருஷமாகக் காலையில் பேப்பர், மதியம் தூக்கம், சாயங்காலம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடை. அவரை யாராவது சும்மா இருக்கிறார் என்று சொல்கிறார்களா? ரிட்டயர்டு. அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மரியாதை! 58 வரை காத்திருந்து வாங்கவேண்டிய சாயங்காலத்தை நான் 36 வயதில் கொஞ்சம் முன்பணமாக எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இதை அவரிடம் நேரில் சொல்லியிருக்கலாம். முடியாது. அப்பா போனபோது நான் பிளஸ் டூ. பி.காம். மூன்று வருஷ ஃபீஸையும் கட்டினவர் அவர்தான். கம்பெனியில் சேர்ந்த அன்று என் ஐடி கார்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் திருப்பித் திருப்பிப் படித்தார். கூட இருந்தவர்களிடமும் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை அவர் "சும்மாத்தானே" என்று சொன்னபோது எனக்கு அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் நானும் காபி குடித்துக்கொண்டே பதில் சொல்லியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து வாட்ஸாப். வருஷா வருஷம் அவருடைய வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வது நான்தான். பென்ஷன் படிவம் 16, வங்கி வட்டிச் சான்று, இரண்டையும் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஒன்றில் அவருடைய கட்டைவிரல் பாதி எண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. கீழே, "சும்மா இருக்கும்போது பாரு."

விரல் மறைத்த எண்ணை மட்டும் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டேன். அன்று ராத்திரியே முடித்துவிட்டேன்.