இதோ, தண்ணீர் இருக்கிறதே

நான் ஞானஸ்நானம் எடுத்தது 46 வயதில். போன ஜனவரியில், குழித்துறை ஆற்றில், சப்பாத்து என்கிற தரைப்பாலத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு முந்தைய 46 வருடமும் நான் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனவன், வீட்டில் தினமும் ஜெபம் நடத்துகிறவன். அதனால் விஷயம் தெரிந்ததும் பலபேர் இரண்டு கேள்வி கேட்டார்கள். ‘இத்தனை நாள் எடுக்காமலா இருந்தீங்க?’ என்பது ஒன்று. ‘இனி இப்ப எதுக்கு?’ என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவதற்காகத்தான் இந்தப் பதிவு.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இரட்சணிய சேனை, அதாவது சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவச் சபை. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் சேனையைத் தெரியாதவர்கள் குறைவு. நாகர்கோவில் கேத்தரின் பூத் மருத்துவமனை அவர்களுடையதுதான். சேனையில் தண்ணீர் ஞானஸ்நானமும் கிடையாது, திருவிருந்தும் கிடையாது. சேனையை நிறுவிய வில்லியம் பூத் 1883-ல் எடுத்த முடிவு அது. சடங்கை நம்பிக்கொண்டு உள்ளே மாறாமல் இருந்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. தண்ணீர் தெளிப்பதா, முக்குவதா என்று சபைகள் பிரிந்து நிற்பதையும் அவர் பார்த்திருந்தார். சேனையில் குழந்தையை ஆண்டவருக்கென்று பிரதிஷ்டை செய்வார்கள். வளர்ந்த பிறகு சிவப்பும் நீலமும் மஞ்சளும் உள்ள கொடியின் கீழே நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். நானும் 17 வயதில் எடுத்தேன். அதைப் பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் எனக்கு என் பாட்டியைத் தெரியும்.

பாட்டி மார்த்தாண்டம் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்றவள். சோறு பொங்கும்போதெல்லாம் முதலில் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள், ஆண்டவருக்கு என்று. ஒருநாள் வீட்டுக்கு வந்து மடியில் இருந்த காசை எண்ணிப் பார்த்தவள், அப்படியே எழுந்து வாசலுக்குப் போனாள். யாரோ ஒரு அம்மா மீதி வாங்காமல் போய்விட்டாளாம். வெயிலில் இரண்டு மைல் திரும்ப நடந்து, வீடு கேட்டுக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். நானும் கூடப் போனேன். எனக்கு ஒன்பது வயது, கால் சுட்டது, அழுதுகொண்டே நடந்தேன். ‘மக்களே, இன்னைக்கு ராத்திரி ஜெபம் பண்ணணுமே, இதை வச்சிக்கிட்டு எப்படிப் பண்ண?’ என்றாள். ஞானஸ்நானம் எடுக்காமலே அவள் செத்துப்போனாள். அவள் பரலோகத்தில் இல்லை என்று ஒரு பாஸ்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அவரோடு எனக்கு இன்றைக்கும் சம்மதமில்லை. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு எந்த ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்? ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்று ஆண்டவர் அவனுக்குச் சொன்னாரே.

அப்புறம் ஏன் எடுத்தேன்?

அப்போஸ்தலர் 8-ம் அதிகாரம்தான் என்னைப் பிடித்தது. எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வனாந்தர வழி, ரதத்தில் எத்தியோப்பிய மந்திரி, பக்கத்தில் அவருக்கு நற்செய்தி சொல்லும் பிலிப்பு. வழியில் தண்ணீரைப் பார்த்ததும் மந்திரி கேட்கிறார்: ‘இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?’ சிறு வயதிலிருந்து நூறு தடவை வாசித்திருப்பேன். ஒருநாள்தான் அந்த ஆள் அண்ணகன், விரை நீக்கப்பட்டவர், என்பது உறைத்தது. உபாகமம் 23-ம் அதிகாரத்தின்படி கர்த்தருடைய சபைக்கு உட்படக் கூடாதவர் அவர். அவ்வளவு தூரம் பயணம் செய்து எருசலேமுக்குப் போய், முழு உரிமையோடு உள்ளே நுழைய முடியாத மனிதர். தடை என்ற சொல்லை வாழ்நாள் முழுக்கக் கேட்டவர் தடையென்ன என்று கேட்கிறார். மந்திரி ரதத்தை நிறுத்தச் சொன்னார். இரண்டுபேரும் தண்ணீருக்குள் போனார்கள்.

எனக்கு என்ன தடை? யோசித்துப் பார்த்தால் பாட்டியைத்தான் தடையாக வைத்திருந்தேன். ‘அவள் எடுக்கவில்லையே, அவள் பரிசுத்தவாட்டி இல்லையா?’ என்று. அவளுக்கு வெளிச்சமானதில் அவள் கடைசிவரை நடந்தாள். எனக்கு வெளிச்சமானதில் நான் நடக்காமல் இருந்துகொண்டு அவள் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். சீஷராக்கி ஞானஸ்நானம் கொடுங்கள் என்று மத்தேயு 28-ல் ஆண்டவர் சொன்னது எனக்கும் சொன்னது என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு செய்யாமல் இருப்பதற்குப் பெயர் கீழ்ப்படியாமைதான், வேறு பெயர் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பலர், ‘நான் இன்னும் தகுதியாகவில்லை, கொஞ்சம் சரியான பிறகு எடுக்கிறேன்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். குடியை விட்ட பிறகு, கடன் தீர்ந்த பிறகு, மகள் கல்யாணம் முடிந்த பிறகு. ஞானஸ்நானத்தைப் பரீட்சையில் ஜெயித்தவனுக்குக் கொடுக்கும் சான்றிதழ் மாதிரி நினைக்கிறோம். பேதுரு பெந்தெகொஸ்தே நாளில் பேசிய கூட்டத்தில் எத்தனை பேர் தகுதியானவர்கள்? ‘நீங்கள் சிலுவையில் அறைந்த’ என்று அவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான், மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அன்றைக்கே மூவாயிரம் பேர் எடுத்தார்கள். பாவமே இல்லாத ஒருவர் யோர்தானில் வரிசையில் வந்து நின்றார். அங்கே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்த யோவானே இயேசுவைத் தயங்கித் தடுத்தபோது, ‘இப்பொழுது இடங்கொடு’ என்றார். தகுதி இருக்கிறவரே தகுதி இல்லாதவர்களோடு இறங்கிய தண்ணீர் அது. அதில் இறங்க எனக்கு என்ன தகுதிப் பரிசோதனை? மனந்திரும்ப மனசு வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் மனந்திரும்புவது என்றால் என்ன என்று கேட்டபோதுதான் எனக்கு வியர்த்தது.

ஆயத்த வகுப்பு நான்கு வாரம் நடந்தது. மூன்றாவது வாரம் பாஸ்டர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ‘நீங்க யாருகூடவாவது பேசாம இருக்கீங்களா?’ என்று கேட்டார். எனக்கும் என் தம்பிக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. அப்பா பங்குவைத்துக் கொடுத்த ரப்பர் விளைக்குத் தம்பி போகும் வழி என் பங்கின் ஓரமாகத்தான் போகும். ஒரு சண்டையில் நான் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டிவிட்டேன். பத்திரத்தில் வழி என்று எழுதவில்லை, அதனால் சட்டப்படி நான் சரி. அதிகாலை இருட்டில் பால்வெட்டப் போகிறவன், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டுக்கரை வழியாகச் சுற்றிப் போவான். அந்த விளக்கு வெளிச்சம் ஆடிக்கொண்டே போவதை என் வீட்டு ஜன்னலிலிருந்து மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனை அந்த வாரம்தான் கவனித்து வாசித்தேன். பவுலையும் சீலாவையும் அடிபட்ட காயத்தோடு உட்காவலில் தள்ளி, கால்களைத் தொழுமரம் என்ற கட்டைக்குள் மாட்டியவன் அவன். நள்ளிரவில் நில அதிர்ச்சிக்குப் பிறகு விசுவாசித்தான். முதலில் என்ன செய்தான்? அவர்கள் காயங்களைக் கழுவினான். உடனே அவனும் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஒரே இரவு, ஒரே வசனம், இரண்டு கழுவுதல். இதைப் பார்த்த பிறகு என்னால் தூங்க முடியவில்லை.

சனிக்கிழமை இரவு தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் திண்ணையில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். நான் தப்பு பண்ணிவிட்டேன், திங்கட்கிழமை கம்பியை எடுத்துவிடுகிறேன் என்றேன். அவன் நிமிரவில்லை. கட்டிப்பிடித்து அழுவோம் என்றெல்லாம் நான் எதிர்பார்த்துப் போயிருந்தேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பார்த்து, ‘அண்ணனுக்கு ஒரு கட்டன்சாயா போடு’ என்றான். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் ஆற்றங்கரைக்கு வந்து நின்றான். பாடும்போது பாடவில்லை. நான் இறங்கப்போகும்போது கை நீட்டி, ‘கண்ணாடியைக் கொடுங்க அண்ணே’ என்றான். அவன் கையில் என் மூக்குக்கண்ணாடியோடு நின்றது மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

குழித்துறை ஆற்றைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஆடி அமாவாசையன்று வாவுபலிக்கு அங்கே எவ்வளவு கூட்டம் வரும் என்று. செத்துப்போன அப்பா அம்மாவுக்குப் பலியிட்டு ஆற்றில் முங்கி எழுவார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் வருடா வருடம் போவார். இந்த ஆற்றில் முங்குவதற்கும் சாவுக்கும் தொடர்பு உண்டு என்று எங்கள் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர்கள் செத்தவர்களுக்காக முங்குகிறார்கள். நானோ செத்தவனாக முங்கினேன். ரோமர் 6-ல் பவுல் அதைத்தான் அடக்கம் என்கிறார்: கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டோம், அவர் எழுந்ததுபோல நாமும் புது வாழ்வில் நடக்க. மல்லாத்தி முக்கியபோது மூக்கில் தண்ணீர் ஏறியது, காதுக்குள் ஆற்றின் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு நொடி பயந்துவிட்டேன். பாஸ்டரின் கை முதுகுக்குக் கீழே இருந்தது. அந்தக் கையை நம்புவதைத் தவிர அந்த நொடியில் நான் செய்ய ஒன்றும் இல்லை.

இதை எழுதுவதால், முங்கினால்தான் செல்லும், தெளித்தால் செல்லாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மனைவி பாறசாலைக்காரி. கைக்குழந்தையாக இருந்தபோது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, வளர்ந்த பிறகு அந்த விசுவாசத்தைத் தானே உறுதி செய்யும் திடப்படுத்தல் எடுத்தவள். அவளும் மறுபடி முங்க வேண்டும் என்று உறவில் சிலர் வற்புறுத்துகிறார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. எபேசியர் 4-ல் ‘ஒரே ஞானஸ்நானம்’ என்றுதான் இருக்கிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஒருதடவை பெற்றவளுக்கு இரண்டாவது எதற்கு? ஆதிச் சபையின் டிடாக்கே என்ற போதனை நூலிலேயே, ஓடும் தண்ணீரில் கொடு, இல்லையென்றால் வேறு தண்ணீர், அதுவும் இல்லையென்றால் தலையில் மூன்றுமுறை ஊற்று என்று இருக்கிறது. அவர்கள் தண்ணீரை அளந்துகொண்டிருக்கவில்லை. எங்கள் தமிழ்நாடு-கேரள எல்லையில் ஒரே தெருவில் ஒருவர் ஞானஸ்நானம் என்பார், கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார், அந்தப் பக்கத்து சுரியானிக்காரர் மாமோதீசா என்பார். மூன்று பெயருக்கும் ஆண்டவர் ஒருவர்தான்.

எனக்குக் கவலை தண்ணீரின் அளவில் இல்லை. எழுந்து வந்த பிறகு என்ன என்பதில்தான்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் நட்டாலம். அங்கே பிறந்த நீலகண்டப் பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. டச்சுத் தளபதி டிலனாய் மூலம் விசுவாசத்துக்கு வந்து, 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். ஏழு வருடம்கூட ஆகவில்லை, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது இங்கே சபை வித்தியாசமில்லாமல் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியவர் என்று மேடைக்கு மேடை பேசினோம். ஆனால் அவர் முழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 19-ம் நூற்றாண்டில் கட்டிய கோயிலைப் பற்றி யார் பேசினோம்? கால்சட்டை மாதிரி இரண்டு நீள மண்டபங்கள், இரண்டும் சேரும் இடத்தில் பீடம். ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் இன்னொரு சாதி. நடுவில் சுவர். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை இடித்தார்கள், இடித்ததற்கும் வழக்கு நடந்தது.

கலாத்தியர் 3-ல், கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டீர்களே என்கிறார் பவுல். உடுத்திக்கொள்வது என்று அர்த்தம். நாமோ சாதியைத் துணியோடு கரையில் கழற்றிவைத்து, முங்கி எழுந்து, ஈரம் துவட்டி, அதையே மறுபடி எடுத்து உடுத்திக்கொள்கிறோம். பெண் பார்க்கும்போது தெரிகிறது. கல்லறைத் தோட்டத்தில் தெரிகிறது. சபைத் தேர்தலில் நன்றாகவே தெரிகிறது.

என் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஆறு வருடமாக எங்கள் சபையின் கடைசிப் பெஞ்சில் உட்காருகிறவர். வேதத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். 1950-ம் வருட குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிக்கான சலுகை இந்துக்களுக்கு, பிறகு 1956-ல் சீக்கியருக்கு, 1990-ல் பௌத்தருக்கும் கிடைத்தது. கிறிஸ்தவனானால் போய்விடும். அவர் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஞானஸ்நானம் எடுத்தால் குடும்பத்துச் சான்றிதழ் என்னவாகும் என்பது அவர் பயம். அவரைப் பார்த்து, கீழ்ப்படியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தடையாக இருந்தது என் வீம்பு. இவருக்கு முன்னால் நிற்பது மகளின் படிப்பு. சபை மாறிய பிறகும் சாதி அவரை விடவில்லை என்பது தெரிந்திருந்தும், சலுகை மட்டும் விட்டுப்போக வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

சபைகளிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. இந்த எல்லையின் இரண்டு பக்கமும் நம்மிடம் இல்லாத பள்ளிக்கூடமா, கல்லூரியா, நர்சிங் படிப்பா? இவரைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணமில்லாத இடம் ஒதுக்குங்கள். நன்கொடை கேட்காதீர்கள். அதைச் செய்துவிட்டு அப்புறம் அவரைத் தண்ணீருக்கு அழையுங்கள். காயத்தைக் கழுவின பிறகுதான் சிறைச்சாலைக்காரன் ஞானஸ்நானம் பெற்றான், மறந்துவிட வேண்டாம்.

நான் ஆற்றிலிருந்து ஏறி வந்தபோது துவர்த்தோடு முதலில் வந்தவர் அவர்தான். தலையைத் துவட்டிவிட்டு, ‘தண்ணி ரொம்பக் குளிரா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆற்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.