நாலு சுற்றுதான். மீதி மூன்றை யாரும் களவாடவில்லை

குஜராத்திக் கல்யாணம் ஒன்றில் மணமக்கள் அக்னியை நாலு முறை வலம் வந்த அந்த வீடியோவை மறுபடி இங்கே பகிரப் போவதில்லை. யார் வீட்டுக் கல்யாணம், எந்தக் கமெண்டைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். "நாலு சுத்துதானா? மீதி மூணை கேட்டரிங்காரன் தின்னுட்டானா?" அதற்கு எத்தனை சிரிப்பு பொம்மைகள்! போதாக்குறைக்கு ஒரு பெரியவர், "ஏழு முறை வலம் வராத திருமணம் சட்டப்படி செல்லாது" என்று தீர்ப்பே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

ஐயா, குஜராத்திக் கல்யாணத்தில் அக்னியை வலம் வருவது நான்கு முறை. அதற்கு மங்கள் பேரா என்று பெயர். அறம், பொருள், இன்பம், வீடு, சுற்றுக்கு ஒன்று. குறைக்கவில்லை, மறக்கவில்லை, கேமராக்காரருக்காக வெட்டவில்லை. நாலு என்றால் நாலு.

ஏழு எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? அது சப்தபதி, தனிச் சடங்கு. தரையில் ஏழு சின்ன அரிசிக் குவியல், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கொட்டைப்பாக்கு. மாப்பிள்ளை துணை நிற்க, பெண் வலது கால் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்வாள். அந்த வீடியோவிலேயே நாலாவது சுற்று முடிந்த கொஞ்ச நேரத்தில் இது வருகிறது. அதற்குள் நீங்கள் கமெண்ட் அடிக்கப் போய்விட்டீர்கள்.

சட்டம் என்று சொன்னதால் அதையும் சொல்கிறேன். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், 7-ஆம் பிரிவு: மணமக்களில் எவராவது ஒரு தரப்பின் வழக்கப்படி சடங்கு நடந்தால் போதும். அந்த வழக்கத்தில் சப்தபதி உண்டென்றால், ஏழாவது அடி வைத்ததும் திருமணம் முழுமை பெறும். ஏழு அடி ஐயா, ஏழு சுற்று இல்லை. நம் ஊரில் மூன்று முறைதானே மணவறையைச் சுற்றி வருகிறோம்? நம்மைப் பார்த்து யாராவது "மீதி நாலு எங்கே" என்று கேட்டார்களா? தீயும் புரோகிதரும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டாலே செல்லும் என்று 1967-இல் சட்டத்தைத் திருத்திய மாநிலத்துக்காரர்கள் அகமதாபாத்துக்குப் போய் சுற்று எண்ணுகிறோம்!

அந்த நாலு சுற்றில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரியுமா? மாப்பிள்ளையின் அங்கவஸ்திரமும் பெண்ணின் சேலைத் தலைப்பும் முடிச்சில் இருக்கும், சேடாசேடி. பட்டோடு பட்டு சேர்ந்தால் முடிச்சு நழுவும். விவரம் தெரிந்த அத்தை இடுப்பில் ஊக்கு வைத்திருப்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் பெண்ணின் சகோதரன் அவர்கள் கையில் ஜவதல் போட வேண்டும், பார்லியும் எள்ளும் கலந்தது. தட்டில் இருப்பதை முன்கூட்டியே நாலாகப் பிரித்து வைக்காவிட்டால், பையன் பதற்றத்தில் இரண்டாவது சுற்றிலேயே கொட்டித் தீர்த்துவிடுவான். எதிர்வீட்டுப் பட்டேல் குடும்பத்தில் அப்படித்தான் ஆனது. மூன்றாவது சுற்றில் மகராஜ், அதாவது புரோகிதர், தம் பையில் துழாவ, பெண்ணே தம்பியை முறைத்த முறைப்பு இருக்கிறதே! மூன்று சுற்றுக்கு ஒருவர் முன்னால் போனால் மற்றதற்கு இன்னொருவர் போவார். எதற்கு யார் என்பது வீட்டுக்கு வீடு மாறும். முடிந்ததும் யார் முதலில் உட்காருகிறாரோ அவர் கைதான் வீட்டில் ஓங்கும் என்று ஒரு போட்டி. "என்ன இது, மியூசிக்கல் சேரா" என்று கேட்டிருந்தார் ஒரு நண்பர். ஆமாம், விளையாட்டுதான். நம் நலங்கில் அப்பளம் உடைப்பதை எந்த வேதத்தில் கண்டீர்கள்?

"மாமியார் மூக்கைப் பிடிக்கிறாள், மாப்பிள்ளைக்கு அவமானம்" என்று இன்னொரு கூட்டம். அது போங்க்வு. வாசலில் வைத்து சின்னஞ்சிறு மர நுகத்தடி, உலக்கை, மத்து, நூல் நூற்கும் கதிர் ஆகியவற்றால் மாமியார் அவனைச் சுற்றி எடுத்து வரவேற்கிறார். உழவு, அடுப்படி, நூல், குடும்பம் நடத்தத் தேவையான அத்தனையும் அதில் இருக்கிறது. பிறகு, இரண்டு அகல்களை முகத்துக்கு முகம் வைத்துச் சிவப்பு நூலால் கட்டியிருப்பார்கள், சம்பட் என்று பெயர். அதை அவன் காலால் மிதித்து உடைக்க வேண்டும். அதிகம் சுட்ட மண் என்றால் முதல் மிதியில் உடையாது, நழுவி ஓடும். சுற்றி நிற்பவர்கள் விடுவார்களா! மூக்கைப் பிடிப்பது இத்தனைக்கும் நடுவில் ஒரு நொடி. உங்களுக்கு அந்த ஒரு நொடிதான் கிடைத்தது.

"சும்மா கேலிதானே, ஏன் இவ்வளவு கோபம்?" கேட்பீர்கள், தெரியும். கேலியைப் பற்றி குஜராத்திகளுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். ஃபடாணா என்று ஒரு பாட்டு வகையே வைத்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டை, மாப்பிள்ளையின் தாய்மாமனை, அவர்கள் கொண்டுவந்த சீரை எல்லாம் பெண்கள் உட்கார்ந்து பாட்டிலேயே கிழிப்பார்கள். ஆனால் எதிரில் உட்கார்ந்து பாடுவார்கள், அந்தப் பக்கமும் பதில் பாடும். முகம் காட்டாத ஐடியிலிருந்து பாடுவதில்லை.

"ஆடம்பரம்?" சரி, உண்டு. ஜான், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம், வாசலில் டிஜேவுக்கு ஆடியே பொழுதைத் தின்னும். அழைப்பிதழிலேயே ஹஸ்தமேளாப் நேரம் அச்சாகியிருக்கும், அதாவது பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் சேர்க்கிற முகூர்த்தம். மாப்பிள்ளை ஒரு மணி நேரம் முன்னதாகவாவது வாசலுக்கு வரவில்லையென்றால் எல்லாம் ஓட்டமாகத்தான் நடக்கும். இதைக் கேலி செய்யுங்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு நீங்கள் வைத்த பெயர் என்ன? "சேட்டுப் பொண்ணு." மார்வாடி, குஜராத்தி, சிந்தி எல்லோரும் உங்களுக்கு ஒரே சேட்டு. "வெள்ளைச் சேலையில் கல்யாணமா" என்று வேறு. அது பானேதர். வெள்ளைப் பட்டு, சிவப்புக் கரை, வழக்கமாகத் தாய்மாமன் தருவது. அதன்மேல் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த சிவப்புச் சேலை, கர்சோளு. நம் ஊர்த் தாய்மாமன் சீரைப் பற்றி இதே வாயால்தானே பக்கம் பக்கமாகப் பெருமை எழுதுகிறீர்கள்? அவள் கட்டிக்கொண்டது தமிழ்ப் பையனை. மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தி ஒவ்வொரு கமெண்டாகப் படித்திருக்கிறாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் கேட்டது, "கேட்டரிங்காரர் சாப்பிட்டார் என்கிறார்களே, பந்தியில் ஏதாவது குறையா?"

கமெண்ட் பகுதியை மூடவில்லை. சடங்கு பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். "சேட்டு" என்று ஆரம்பித்தால் நேராக பிளாக்.