சொரோயாவின் தோட்டங்களைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்

ஸ்பானிய ஓவியர் ஹோவாகின் சொரோயாவைப் பற்றி யார் பேசினாலும் வலென்சியாக் கடற்கரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீர் சொட்ட ஓடும் சிறுவர்கள், காற்றில் உப்பிய படகுப்பாய், கண்ணைக் கூசவைக்கும் வெயில். அந்தப் படங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ஓவியரின் மனம் குடியிருந்த இடம் தோட்டம்தான் என்பேன்.

1908இல் ஸ்பெயின் அரசியின் உருவப்படம் வரையச் செவில் நகருக்குப் போனவரை அங்கிருந்த அல்காசர் அரண்மனைத் தோட்டங்கள் பிடித்துக்கொண்டன. அடுத்த ஆண்டு கிரானடா நகரின் அல்ஹம்ப்ரா அரண்மனை. கூட்டத்தையும் ஓட்டத்தையும் வரைந்து பேர் வாங்கியவரின் இந்தப் படங்களில் பெரும்பாலும் ஆளே இல்லை. அல்காசர் குளத்தை வரைந்த படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். தண்ணீருக்கென்று தனி நிறம் கிடையாது. சுவரின் நிறமும் செடியின் பச்சையும் கொஞ்சம் வானமும் துண்டு துண்டான தீற்றல்களாகக் கிடக்கும். கொஞ்சம் விலகி நின்றால் அத்தனையும் சேர்ந்து நீராக அசையும். கடலில் அவருக்குத் துணையாக அலை இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். இங்கே வெளிச்சத்தை மட்டுமே நம்பி ஒரு படத்தை நிறுத்துகிறார். இதைத்தான் நான் பெரிய வித்தை என்கிறேன்.

பார்த்து வரைந்ததோடு அவருக்கு ஆசை தீரவில்லை. மாட்ரிட்டில் கட்டிய வீட்டில் 1911இல் குடியேறியவர், அதைச் சுற்றித் தாமே திட்டமிட்டுத் தோட்டம் போட்டார். ஒரு பகுதிக்கு அல்காசர் முன்மாதிரி, இன்னொன்றுக்குக் கிரானடாவில் அல்ஹம்ப்ராவை ஒட்டியுள்ள ஹெனராலிஃபே அரண்மனைத் தோட்டம். நடுவில் ஓடும் சிறு நீர்க்கால், வண்ண ஓடுகள், மிர்ட்டில் என்ற பசும்புதர்ச் செடியால் ஆன வேலி. எங்கே நிழல் விழ வேண்டும், எங்கே நீர் மின்ன வேண்டும் என்று ஓவியனாகவே யோசித்திருக்கிறார். பிறகு அதையே திரும்பத் திரும்ப வரைந்தார்.

இவற்றை ஓய்வுநேர ஓவியங்கள் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நியூயார்க்கில் ஸ்பானியக் கலைக்கென்றே உள்ள அருங்காட்சியகமான ஹிஸ்பானிக் சொசைட்டிக்காக ஸ்பெயினின் பல வட்டாரங்களைக் காட்டும் 14 பிரம்மாண்டப் படங்களை 1912 முதல் 1919 வரை ஊர் ஊராக அலைந்து வரைந்தார். உழைப்பு மலைக்க வைக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் பல இடங்களில் திருவிழா உடைகளின் அணிவகுப்பைத்தான் பார்க்கிறோம். அந்த அலைச்சலுக்கு நடுவே வீட்டுத் தோட்டத்தை வரைந்தபோது எந்த ஒப்பந்தமும் அவரை நெருக்கவில்லை. ரோஜாப் புதரும் பூந்தொட்டியும் போதுமாக இருந்தன. கையும் அங்கேதான் தளைகளை விட்டு ஓடுகிறது.

1920 ஜூனில் அதே தோட்டத்தில் ஒரு பெண்மணியின் உருவப்படத்தை வரைந்துகொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. அவரது ஓவிய வாழ்வு அதோடு முடிந்தது, 1923இல் இறந்தார். மனைவி க்ளோதில்தே வீட்டையும் படங்களையும் அரசுக்கே எழுதிவைக்க, 1932இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மாட்ரிட் போகிறவர்கள் புகழ்பெற்ற பிராடோ ஓவிய அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாமல் இந்த வீட்டுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்.