பேசாமல் புதிது வாங்கிவிடு

இந்த வாக்கியத்தை இன்னொரு முறை யாராவது என்னிடம் சொன்னால், கையிலிருக்கும் சாலிடரிங் அயர்னை முதலில் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். வைக்காமல் சொன்னால் வம்பாகிவிடும்.

1995-இல் மாமா வளைகுடாவிலிருந்து வந்தபோது கோடாலித் தைலம், டார்ச் லைட், பால்பவுடர் டப்பாக்களுக்கு நடுவே ஒரு டிவி கேமும் வந்தது. 1983-இல் நின்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியின் நகல். அறுபது பின் கொண்ட கேசட். அதன் மேல் '9999999 இன் 1' என்று அச்சிட்டிருந்தார்கள். உள்ளே ஏழெட்டு ஆட்டங்கள்தான், மற்றதெல்லாம் அதே ஆட்டம் வேறு எண்ணில். வாழ்க்கையில் நான் முதன்முதலாக ஏமாந்தது அங்கேதான். அதை எப்போதோ மன்னித்துவிட்டேன். இந்த மூன்று மாதங்களில் பட்டதை மன்னிக்க முடியவில்லை.

அந்தப் பெட்டியைப் பழுதுபார்த்து, பொத்தானும் கைப்பிடியும் வைத்து, நின்றுகொண்டே விளையாடும் ஆர்கேட் பெட்டியாக மாற்ற வேண்டும் என்பது என் ஆசை. நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவில் சிறுவயதில் அப்படி ஒரு பெட்டியின் முன்னால் கால் கடுக்க நின்றிருக்கிறேன். கையிலிருந்த காசு ராட்டினத்துக்கே போய்விட்டதால், வேடிக்கை பார்த்ததோடு சரி.

பரணிலிருந்து இறக்கித் திறந்தால் உள்ளே எறும்புக் குடித்தனம். கேசட் சொருகும் இடத்தில் பின்களெல்லாம் பச்சைக் களிம்பு. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வீடு, வருடத்துக்கு இரண்டு பருவமழை, போதாததற்கு நாங்கள் அந்தக் காலத்தில் கேசட்டை வாயால் ஊதி ஊதி ஏற்றிய எச்சில் ஈரம் வேறு. களிம்பு பிடிக்காமல் என்ன செய்யும்? பென்சில் ரப்பரும் ஸ்பிரிட்டும் பஞ்சுமாக இரண்டு மாலை உட்கார்ந்து ஒவ்வொரு பின்னாகத் தேய்த்தேன். அந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் கடைவீதிக்குப் போனபிறகுதான்.

பழைய அடாப்டர் தொலைந்துபோயிருந்தது. கடையில் கேட்டேன். "ஒன்பது வோல்ட்தானே தம்பி? எல்லாம் ஒன்றுதான்" என்று ஒன்றை எடுத்து நீட்டினார் கடைக்காரர். எல்லாம் ஒன்றில்லை ஐயா! இப்போது விற்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் முனையின் உள்ளே பிளஸ், வெளியே மைனஸ். அசல் ஃபேமிகாமில் இது தலைகீழ். என்னுடைய நகலிலும் அப்படியே. அடாப்டரின் முதுகில் சிறு வட்டம் போட்டு பிளஸ் மைனஸ் குறித்திருப்பது அழகுக்காகவா? வீட்டுக்கு வந்து சொருகினேன். 'டப்' என்று ஒரு சத்தம். கண்டன்சர் வாய் பிளந்து, மீன் கருகியது போன்ற ஒரு வாடை. அம்மா அடுப்பில் எதையோ மறந்துவிட்டோம் என்று சமையலறைக்கு ஓடினார். மேசை இழுப்பறையில் மல்டிமீட்டர் இருந்தது, அளந்து பார்க்காமல் சொருகியது நான்தான். அந்தப் பாவத்தில் பாதி எனக்கு. மீதிப் பாதி, விற்கிற பொருளின் முதுகைத் திருப்பிப் பார்க்காத அந்தக் கடைக்காரருக்கு.

சரி, பழுதுபார்க்கலாம் என்று கிளம்பினேன். வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் வரை நான்கு கடைகள். நான்கிலும் 'டிவி, டேப் ரிக்கார்டர் பழுதுபார்க்கப்படும்' என்ற பலகை இன்னும் தொங்குகிறது. உள்ளே போனால் கண்ணாடி மேசை நிறைய செல்போன் டிஸ்பிளேயும் உறையும். ஒருவர்கூட ஸ்குரூ டிரைவரைத் தொடவில்லை. மேலாகப் பார்த்துவிட்டு, "இது இனி ஆகாது. பேசாமல் புதிது வாங்கிவிடுங்கள். அறுநூறு கேமோடு கைக்கு அடக்கமாக வருகிறதே" என்கிறார்கள். செவுளைத் தூக்கிப் பார்க்காமலேயே மீன் கெட்டுவிட்டது என்று சொன்னால் குளச்சலில் விடுவார்களா?

அதில் போயிருந்தது என்ன தெரியுமா? அந்தக் கண்டன்சரும், 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டரும். ஒன்பது வோல்ட்டை வாங்கி ஐந்து வோல்ட்டாகக் கொடுத்துவிட்டு மீதியைச் சூடாகக் கக்கும் எளிய சாமான். பத்து, பதினைந்து ரூபாய். ஒரு காலத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் அண்ணன்கள் பழைய மிட்டாய் ஜாடியில் போட்டு வைத்திருப்பார்கள்; கேட்டால் காசுகூட வாங்காமல் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். இன்று மாவட்டத் தலைநகரில் நான் ஏறி இறங்கிய கடை எதிலும் அது இல்லை. கடைசியில் நண்பன் ஒருவன் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி அனுப்பினான். பொருளின் விலையைவிடக் கூரியர் கூலி பல மடங்கு. மாற்றினேன். மீட்டரில் 4.98 வோல்ட். நல்லவேளையாக, கறுப்புத் தார்ச் சொட்டு மாதிரி பிசின் வைத்து மூடியிருக்கும் மூளைச் சில்லு தப்பித்திருந்தது. அது போயிருந்தால் கதை முடிந்தது. திரையில் மேரியோ வந்து நின்றான். அசல் கேசட்டில் அந்த ஆட்டம் முழுவதுமே 40 கிலோபைட்தான். காலையில் சொந்தக்காரர்கள் அனுப்பும் ரோஜாப்பூ வணக்கப் படம் ஒன்றுகூட அதைவிடப் பெரியதாக இருக்கும்.

திரை என்றதும் நினைவுக்கு வருகிறது, இன்னொரு வயிற்றெரிச்சல். இதற்குப் பழைய குழாய் டிவிதான் வேண்டும். புதிய டிவியில் படம் குழைந்து போகிறது, பொத்தானை அழுத்தியபின் யோசித்துவிட்டுக் குதிக்கிறது, வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கி அறவே வேலை செய்யாது. 14 அங்குல டிவி ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பையன் ஒருவன் பிக்சர் டியூபின் கழுத்தைச் சுத்தியலால் தட்டிவிட்டு, செம்புக் கம்பிச் சுருளை உருவிக்கொண்டிருந்தான். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அவன் கையில் உறைகூட இல்லை. "டிவி ஓடிக்கொண்டிருந்ததா?" என்று கேட்டேன். "நேற்றுவரை ஓடியது என்றுதான் கொடுத்தவர் சொன்னார் அண்ணா. ஆனால் செம்புக்குத்தானே விலை" என்றான். அவனைக் கோபித்து என்ன பயன்? ஓடுகிற டிவியை எடைக்குப் போட்ட மகராசனைத்தான் தேடுகிறேன். வேறொரு டிவி அத்தை வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடைத்தது. அது தனிக் கதை.

இனி பெட்டி. குலசேகரம் பக்கம் ரப்பர் மரப் பலகைக்குப் பஞ்சமில்லை, மரம் நன்றாகவே அமைந்தது. ஆசாரியிடம் படம் வரைந்து கொடுத்தேன். "இந்தச் சாய்வு எதற்கு மக்களே? நேராக வைத்தால் நாளைக்கு டிவி ஸ்டாண்டாகவாவது ஆகுமே" என்றார். சாய்வு வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். சாய்வாகவே செய்தார். ஆனால் பொத்தான் பலகையில் துளை போட்டாரே, அங்கேதான் என் வயிறு பற்றி எரிகிறது. பொத்தானுக்கு 30 மில்லிமீட்டர் துளை என்று பலகை மேலேயே பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். அவரிடம் இருந்தது அலமாரிக் கதவுக்கு ஆட்டோ கீல் பதிக்கும் 35 மில்லிமீட்டர் பிட். "ஐந்து மில்லிதானே, தாராளமாக இருக்கட்டும்" என்று எட்டுத் துளையையும் அதிலேயே போட்டுவிட்டார்! பொத்தானின் விளிம்பே 33 மில்லிமீட்டர்தான். ஒன்றை வைத்தேன், நேராக உள்ளே விழுந்து அடிப்பலகையில் உருண்டது. எட்டையும் வைத்துப் பார்த்தேன், எட்டும் விழுந்தன. ஆசாரியும் குனிந்து பார்த்துவிட்டு, "புதிதாக ரெடிமேடாக வருகிறதாமே, பேசாமல்..." என்று தொடங்கினார்.

டிவி கேமோடு வந்த கைப்பிடியின் பழைய சர்க்யூட்டில் பச்சைப் பூச்சைச் சுரண்டி ஒன்பது மெல்லிய கம்பிகளை, நான்கு திசைக்கு நான்கு, பொத்தானுக்கு நான்கு, பொதுவாக ஒன்று என்று, இரவு ஒரு மணி வரை பற்றவைத்தவன் நான். எட்டுப் பொத்தான்களின் சேதியையும் ஒரே கம்பியில் வரிசையாக, நொடிக்குப் பல முறை அனுப்பும் அந்தச் சின்னச் சர்க்யூட் முப்பது வருடம் எறும்போடு குடியிருந்தும் பிழை செய்யவில்லை. ஆனால் பலகையில் துளை தவறிவிட்டது.

வேறு பலகையில் நானே துளை போடலாம் என்று, நேற்று 30 மில்லிமீட்டர் ஹோல் சா, அதாவது வட்டத் துளை போடும் ரம்பம், தேடி தக்கலையில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். 28 இருக்கிறது, 32 இருக்கிறது, 35 மூன்று இருக்கிறது. "எதற்கு?" என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "பேசாமல்..." என்று வாயைத் திறந்தார்.

நாகர்கோவில் பஸ் வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறிவிட்டேன்.