மேட்டைச் சொல்லாமல் பணத்தை வாங்காதீர்கள்

அரை மராத்தான் தூரம் 21.0975 கிலோமீட்டர். புள்ளிக்கு அப்புறம் நான்கு இலக்கம். அந்தத் தூரம் ஒரு மீட்டர்கூடக் குறையக் கூடாது என்பதற்காக, சைக்கிள் சக்கரத்தில் எண்ணும் கருவியைப் பொருத்தி, பாதையின் மிகக் குறுகிய கோட்டில் ஓட்டி அளக்கிறார்கள். அப்படியும் குறைந்துவிடக் கூடாதே என்று ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டிப் போடுகிறார்கள். தூரத்துக்கு இவ்வளவு கவனம். அதே பாதையில் மொத்தம் எத்தனை மீட்டர் மேலே ஏற வேண்டும், எந்தக் கிலோமீட்டரில் ஏற வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

போன சீசனில் ராயபுரம், தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை ஆட்கள் சில பேர் சேர்ந்து, தக்காணப் பீடபூமியில் இருக்கிற ஒரு பெரிய நகரத்துக்கு அரை மராத்தான் ஓடப் போனோம். ஊர் பெயரும் நடத்தியவர்கள் பெயரும் இங்கே வேண்டாம். இது ஒருத்தரோடு நிற்கிற பிரச்சினை இல்லை. பதிவுப் பக்கத்தில் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? டி-ஷர்ட் அளவு, மெடல் படம், ஓடி முடித்ததும் என்ன டிபன், போட்டோ எங்கே கிடைக்கும், எல்லாம் இருந்தது. 'முதல்முறை ஓடுபவர்களுக்கும் ஏற்ற பாதை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஏற்ற இறக்கம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாதை வரைபடமே ஓட்டத்துக்கு முந்தின வாரம்தான் வந்தது. அதுவும் மேலிருந்து பார்த்தால் தெரியும் ஒரு சிவப்புக் கோடு. அதைப் பார்த்து மேடு எது, பள்ளம் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் கோட்டின் மேல் காலை வைத்த பிறகுதான் எல்லாம் தெரிந்தது. முதல் இரண்டு கிலோமீட்டர் இதமான இறக்கம். எல்லோரும் சந்தோஷமாக வேகம் எடுத்தார்கள். அப்புறம் ஒரு மேம்பாலம், இறங்கியதும் இன்னொரு மேம்பாலம், அது முடிந்ததும் பாறைக்குன்றுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் ஒரு சாலை. ஒவ்வொரு வளைவிலும் இதோடு முடிந்தது என்று நினைப்போம், வளைந்ததும் அடுத்த ஏற்றம் நிற்கும். பதினாறாவது கிலோமீட்டரைத் தாண்டி, உடம்பில் இருந்த சக்தி எல்லாம் தீர்கிற நேரத்தில், இருப்பதிலேயே நீளமான மேடு. அங்கே தண்ணீர் கொடுத்த பையனிடம் இன்னும் எவ்வளவு தூரம் ஏற்றம் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அவனிடமும் யாரும் சொல்லவில்லை. முடித்த பிறகு, ஏற்றத்தையும் அளக்கும் ஜி.பி.எஸ். வாட்சைப் பார்த்தால் மொத்த ஏற்றம் கிட்டத்தட்ட 250 மீட்டர்.

மலையூர்க்காரர்களுக்கு 250 மீட்டர் ஒன்றும் பெரிதில்லை. நாங்கள் வடசென்னை. சென்னையின் சராசரி உயரமே கடல் மட்டத்திலிருந்து ஏழு மீட்டர்தான். காசிமேட்டிலிருந்து கடலோரமாகத் திருவொற்றியூர் வரை ஓடினால், ஒரு பக்கம் கடலரிப்புக்குப் போட்ட பாறை, இன்னொரு பக்கம் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரி, நடுவில் பலகை மாதிரி தட்டையான சாலை. மேடு என்று எங்களுக்கு இருப்பது பாலங்கள் மட்டும்தான். மின்ட் மேம்பாலம், பெரம்பூர் மேம்பாலம், பேசின் பிரிட்ஜ், திருவொற்றியூரில் மணலிக்குப் போகிற மாட்டுமந்தை பாலம். ஒரு பாலத்தின் மேலே போனால் ஏழெட்டு மீட்டர் ஏறியிருப்போம். அப்படியானால் 250 மீட்டர் சேர்க்க ஒரே காலையில் ஒரு பாலத்தை முப்பது தடவைக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். அதுவும் ஓரத்தில் நடைபாதை இல்லாத பாலத்தில், பின்னாலிருந்து லாரி வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. விடிவதற்கு முன்னால் பாலத்தில் மேலும் கீழுமாக ஓடுகிறவனைப் பார்த்தால் ரோந்து வண்டியை நிறுத்தி, 'யாருப்பா நீ, இங்க என்ன பண்ற?' என்று கேட்கிறார்கள். ஷூவைக் காட்டி, பழைய பிப், அதாவது ஓட்டத்தில் நெஞ்சில் குத்திக்கொள்கிற எண் அட்டையின் படத்தை மொபைலில் காட்டி, ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னையின் குன்றுகள் என்று பார்த்தாலும் பரங்கிமலை, பல்லாவரம் என்று எல்லாம் தெற்குப் பக்கம். பெரிய ஓட்டங்கள் நடப்பதும் கடற்கரைச் சாலை, ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். பக்கம்தான். நேப்பியர் பாலத்துக்கு வடக்கே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே பல பேருக்குத் தெரியாது. துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஓடுகிறவர்கள், மீன் ஏலம் முடிந்து வந்து ஓடுகிறவர்கள், வியாசர்பாடியில் ஃபுட்பால் விளையாடி வளர்ந்து முப்பது வயதுக்கு மேல் ஓட்டத்துக்கு வந்தவர்கள் என்று எங்கள் குழுவிலேயே எத்தனை பேர். இவர்களிடம் மேடு இருக்கிறது என்று இரண்டு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையின் முதல் மின்சார ரயிலைப் பிடித்துப் பரங்கிமலைக்குப் போயிருப்போம். திருத்தணிக்குப் போயிருப்போம். அங்கே 365 படியும் இருக்கிறது, கோயில் வரை சாலையும் இருக்கிறது. கஷ்டத்துக்கு அஞ்சுகிற கூட்டம் இல்லை இது.

பழகிக்கொள்ளாமல் ஏறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'மனசு இருந்தால் மலையும் ஏறலாம்' என்று சிலர் உடனே ஆரம்பித்துவிடுகிறார்கள். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சரிவில் அதே வேகத்தில் ஓட, சமதரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் இழுபடும். ஏறும்போது விட்ட நேரத்தை இறங்கும்போது முழுதாகப் பிடிக்கவும் முடியாது. இன்னும் மோசம் இறக்கம்தான். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த வேலைக்குப் பழகாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி அன்றைக்கு முழுதாகத் தெரியாது, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும். ஆனால் இதே தசை ஒரே ஒரு முறை இறக்கத்தில் நன்றாக ஓடிப் பழகிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அந்தச் சேதம் வெகுவாகக் குறைந்துவிடும். ஓட்டப் பயிற்சி கொடுக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஓட்டம் நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா? ஒரு வரி எழுதியிருந்தால் அத்தனை பேரின் தொடையும் முட்டியும் தப்பித்திருக்கும்.

எங்களோடு வந்த ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவருக்கு அதுதான் முதல் அரை மராத்தான். வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, பிள்ளைகள் எழுவதற்குள் ஓடிவிட்டுத் திரும்புகிறவர். சீட்டுப் பணத்தில் எடுத்து வைத்துத்தான் பதிவுக் கட்டணமும் ரயில் டிக்கெட்டும். சமதரையில் மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கிற அளவுக்கு ஒழுங்காகப் பயிற்சி செய்திருந்தார். அந்தப் பாதையிலும் கட்-ஆஃப், அதாவது ஓடி முடிக்கக் கொடுக்கிற கடைசி நேரம், அதே மூன்று மணி நேரம்தான். மெரினாவில் ஓடுகிறவருக்குக் கொடுக்கிற நேரத்தையே 250 மீட்டர் மேடு ஏறுகிறவருக்கும் கொடுத்தால் அது என்ன நியாயம்? பதினெட்டாவது கிலோமீட்டரில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஏறச் சொல்லிவிட்டார்கள். 'அக்கா, நீங்க நல்லாத்தான் ஓடினீங்க' என்று நாங்கள் எவ்வளவு சொல்லியும் அவர் சமாதானம் ஆகவில்லை. ரயிலில் திரும்பும்போது என்னிடம் கேட்டார்: 'எனக்குத்தான் ஓடத் தெரியலையாப்பா?' அந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததற்குத்தான் எனக்கு இவ்வளவு கோபம். அவருக்கு ஓடத் தெரியும். அவரிடம் மறைத்தார்கள்.

ஊர் திரும்பியதும் நடத்தியவர்களுக்குப் போன் செய்தேன். பேசியவர் சொன்ன பதில்: "சார், எல்லா ஓட்டத்திலும் கொஞ்சம் ஏற்றம் இருக்கும். நீங்கள்தான் விசாரித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்." யாரிடம் விசாரிப்பது? அந்த ஊரில் எங்களுக்கு யாரையும் தெரியாது. இறுதிப் பாதை எது என்பதை ஒரு வாரம் முன்புவரை அவர்களே சொல்லவில்லை. செயற்கைக்கோள் வரைபடத்தைப் பார் என்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு நாசா விண்கலத்திலிருந்து ரேடார் வைத்து அளந்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் அது அன்றைக்கு இருந்த மேற்பரப்பின் உயரம். அதற்கு அப்புறம் எழும்பிய மேம்பாலத்தில் எவ்வளவு ஏறுவோம் என்பதை அதில் எப்படிப் பார்ப்பது? அந்தப் பாதையை நேரில் சைக்கிளில் அளந்தவர்கள் அவர்கள். அதே நாளில் ஒரு ஜி.பி.எஸ். வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு போயிருந்தால் ஏற்ற வரைபடம் தயார். காசு செலவே இல்லாத வேலை.

தூரத்துக்குச் சான்றிதழ் வாங்கியிருக்கிறோம் என்றும் பெருமையாகச் சொன்னார். அந்தச் சான்றிதழ் தூரத்தைத்தான் சொல்லும். உயரத்தில், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் ஒரு விதி இருக்கிறது. ஓடிய நேரத்தைச் சாதனையாக ஏற்க, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கக் கூடாது. ஒரே மைதானத்தில் தொடங்கி அங்கேயே முடிகிற பாதைக்கு அந்த வித்தியாசம் பூஜ்யம். நடுவில் எத்தனை குன்று ஏறினாலும் அந்தக் கணக்கில் வராது. விவரம் தெரியாதவரிடம் சான்றிதழைக் காட்டி வாயை அடைப்பது நேர்மை இல்லை.

மேடு இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1897-இல் இருந்து நடக்கிற பாஸ்டன் மராத்தானில், முப்பத்திரண்டு கிலோமீட்டர் தாண்டி வரும் ஹார்ட்பிரேக் ஹில் ஏறக்குறைய 27 மீட்டர்தான் உயர்கிறது. அந்த ஒரு மேட்டை உலகத்தில் ஓடுகிற எல்லோருக்கும் தெரியும். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே சுமார் 90 கிலோமீட்டர் ஓடுகிற காம்ரேட்ஸ் ஓட்டத்தில் ஐந்து பெரிய மேடுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. இந்த வருடம் மேல்நோக்கிய ஓட்டமா கீழ்நோக்கிய ஓட்டமா என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள், வருகிறவர்கள் அதற்கென்று மாதக்கணக்கில் தயாராகிறார்கள். மேட்டைச் சொன்னதால் அங்கே கூட்டம் குறையவில்லை. இங்கே மட்டும் சொன்னால் ஆள் வராது என்று பயந்து மறைக்கிறார்கள். முதல்முறை ஓடுகிறவர்களின் பணம் வேண்டும், அவர்கள் ஏறப்போகும் மேடு மட்டும் அவர்களுக்குத் தெரியக் கூடாது.

வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இது ஒன்று மட்டும் இல்லை. முந்தின நாளே நேரில் வந்து பிப் வாங்கு என்பார்கள், அதற்காக ஒரு நாள் சம்பளம் போகும். விடியற்காலை மூன்றரைக்கு மெட்ரோ ஓடாத நேரத்தில் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்துக்கு வரச் சொல்வார்கள், ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுக்க வேண்டும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் போகிறோம். ஓட்டத்தின் மேல் அவ்வளவு ஆசை. அந்த ஆசையை நம்பித்தான் இவர்களும் கடை விரிக்கிறார்கள்.

அடுத்த பதிவு தொடங்கிவிட்டது என்று இப்போது மெசேஜ் வந்திருக்கிறது. திறந்து பார்த்தேன். டி-ஷர்ட் இருக்கிறது, மெடல் இருக்கிறது, அதே 'முதல்முறை ஓடுபவர்களுக்கும் ஏற்ற பாதை' இருக்கிறது. எங்கள் குழுவில் இந்த முறை ஒருத்தரும் பணம் கட்டவில்லை. மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம், எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, அதற்கேற்ற கட்-ஆஃப் எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே எழுதுங்கள் என்று பதில் அனுப்பியிருக்கிறோம். எழுதினால் அந்த அக்காவையும் சேர்த்து எல்லோரும் அன்றைக்கே கட்டுகிறோம்.